சைரன் மட்டும் போதுமா? சமுதாய ஆம்புலன்ஸ்களுக்கு ஒரு வேண்டுகோள்



தென்காசி வட்டாரத்தில் நம் மக்கள் வாழும் ஊர்களில் ஜமாஅத்துகளும் சமுதாய அமைப்புகளும் அறக்கட்டளைகளும் ஆம்புலன்ஸ் ஓட்டி வருகின்றன. சாதி, மதம் பார்க்காமல், நள்ளிரவென்றும் மழையென்றும் பாராமல் ஓடும் வண்டிகள் அவை. 2020, 2021 கொரோனா காலத்தில் சொந்த பந்தங்களே தொடத் தயங்கிய உடல்களைத் தூக்கிச் சென்று, அவரவர் முறைப்படி அடக்கம் செய்தவர்கள் நம் இளைஞர்கள். நம்மை வெறுத்துப் பேசியவர்களும் அன்று வாயடைத்து நின்றார்கள். இந்தச் சேவையை யாரும் குறைத்துப் பேச முடியாது. நாமும் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். இறந்தவரை இவ்வளவு கண்ணியமாகச் சுமக்கும் நாம், உயிரோடு ஏறுகிறவருக்கு வண்டிக்குள் என்ன செய்கிறோம்?

இன்றே உங்கள் ஊர் வண்டியின் பின்கதவைத் திறந்து பாருங்கள். ஸ்ட்ரெச்சர் இருக்கும். ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கலாம். வெளியே நன்கொடையாளர் பெயர் பெரிய எழுத்தில் மின்னும். பிரஷர் பார்க்கும் கருவி இருக்கிறதா? இருந்தால் அது வேலை செய்கிறதா? கடைசியாக ஏறிய நோயாளிக்கு நாடித் துடிப்பு எத்தனை, எத்தனை மணிக்குப் பார்த்தது என்று எழுதிய ஒரு தாளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டிவிட்டால் அந்தச் சகோதரர்களுக்கு ஒரு ஸலாம் சொல்லிவிட்டு வாருங்கள். காட்ட முடியாத ஊர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

ஐந்தே அளவுகள்

மருத்துவர்கள் 'வைட்டல்ஸ்' என்று ஒரு சொல்லைச் சொல்வார்கள். உயிர் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் அளவுகள் அவை. அவசர நேரத்தில் முக்கியமாக ஐந்து. நாடித் துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம், ரத்தத்தில் ஆக்சிஜன், உணர்வு நிலை. இவற்றோடு உடல் சூட்டையும், சர்க்கரை நோயாளி என்றால் சர்க்கரை அளவையும் சேர்த்துக் கொள்ளலாம்.

ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. மூச்சு 12 முதல் 20 வரை. ஆக்சிஜன் பொதுவாக 95 சதவீதத்துக்கு மேல். உணர்வு நிலைக்கு நான்கு படிகள். விழிப்போடு இருக்கிறாரா? கூப்பிட்டால் பதில் வருகிறதா? வலி கொடுத்தால்தான் அசைகிறாரா? எதற்கும் பதில் இல்லையா? பத்தாம் வகுப்பு படித்த எந்த இளைஞனும் இதைக் கற்றுக் கொள்ளலாம்.

இந்த அளவுகளைக் குறித்து வைப்பதில் நமக்குப் பழைய சொத்தும் உண்டு. மேடை தோறும் அர்ராஸி, இப்னு ஸீனா என்று முழங்குகிறோம். சுமார் 1100 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அர்ராஸி, தாம் பார்த்த நோயாளிகளைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்தார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளிலிருந்துதான் அவர் மறைவுக்குப் பிறகு 'அல்ஹாவி' என்ற பெருநூல் தொகுக்கப்பட்டது. இப்னு ஸீனா தம் 'கானூன்' நூலில் நாடியைப் பற்றித் தனியாகவே எழுதினார். அந்தப் பெயர்களைச் சொல்லிப் பெருமைப்படும் நம் வண்டியில் ஒரு பேனாவும் தாளும் இல்லை என்றால் அந்தப் பெருமைக்கு என்ன பொருள்?

குற்றாலத்துப் பாறை சொல்லும் பாடம்

ஜூன் பிறந்து சாரல் அடித்தால் குற்றாலம் நிரம்பி வழிகிறது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எங்கும் தலைகள். பாசி பிடித்த பாறையில் வழுக்கி விழுவதும், நெஞ்சுவலி வந்து சாய்வதும் நாம் கேள்விப்படாதவை அல்ல. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. அதே ஆண்டு ஜனவரி 28 அதிகாலையில், குற்றாலத்தில் குளித்துவிட்டுக் காரில் புளியங்குடி திரும்பிக் கொண்டிருந்த ஆறு இளைஞர்கள் லாரியோடு மோதி மாண்டார்கள். 2025 நவம்பர் 24 அன்று இடைகால் அருகே இரண்டு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதின. அன்றே ஆறு பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயம்பட்டார்கள். நம் பகுதியில் அவசர அழைப்பு என்பது எப்போதோ வரும் சங்கதி இல்லை என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறோம்.

ஓர் உதாரணத்தைப் பாருங்கள். இரண்டு இளைஞர்கள் பாறையில் வழுக்கி விழுகிறார்கள். இருவரும் பேசுகிறார்கள். இருவரிடமும் வெளிக்காயம் பெரிதாக இல்லை. "ஒன்றுமில்லை, பயந்துவிட்டான்" என்கிறது கூட்டம்.

முதல் இளைஞனுக்கு வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்து ரத்தம் கசிகிறது. விழுந்த இடத்தில் நாடி 92, பிரஷர் 120/80. பத்து நிமிடம் கழித்து நாடி 112, பிரஷர் 116/86. இன்னும் பத்து நிமிடம் கழித்து நாடி 130, மூச்சு 28. பிரஷர் அப்போதுதான் 90-க்கு இறங்குகிறது. பெரியவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் ஒரு லிட்டருக்கு மேல் போன பிறகும் பிரஷர் சரியாக இருப்பது போலவே காட்டும். இளம் உடல் கடைசி வரை தாக்குப் பிடித்துவிட்டுத் திடீரென்று சரியும். அதற்கு முன் எச்சரிப்பது ஏறிக்கொண்டே போகும் நாடிதான்.

இரண்டாவது இளைஞனுக்கு மண்டைக்குள் ரத்தம் கட்டுகிறது. இவனுக்கு நேர் எதிராக நடக்கும். பிரஷர் ஏறும், நாடி இறங்கும், மூச்சு தாறுமாறாகும். முதலில் விழிப்போடு இருந்தவன் கூப்பிட்டால்தான் கண் திறப்பான். பிறகு கிள்ளினால்தான் அசைவான். "தூங்கட்டும், களைப்பு" என்று நாம் போர்வையை இழுத்து விடுவோம். அது தூக்கம் இல்லை!

இந்த இருவரையும் மருத்துவமனை வாசலில் இறக்கும்போது மருத்துவர் கையில் கிடைப்பது அந்த ஒரு நிமிடத்து அளவு மட்டும். நாடி 112 என்றால் அது ஏறி வந்த 112-ஆ, இறங்கி வந்த 112-ஆ? பயத்தினாலா, ரத்தம் போவதாலா? முந்தைய இருபது நிமிடத்தை அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதை எழுதாமல் விட்டால் அந்த இருபது நிமிடம் நோயாளியின் வாழ்க்கையிலிருந்தே அழிந்துவிடுகிறது. மருத்துவர் முதலிலிருந்து தொடங்குகிறார். அவனுக்கோ நேரம் முடிந்து கொண்டிருக்கிறது.

திருநெல்வேலி வரை ஒரு மணி நேரம்

குற்றாலத்திலிருந்து தென்காசி அரசு மருத்துவமனை பக்கம். ஆனால் அங்கேயே எல்லாம் முடிந்துவிடுகிறதா? தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. ஆனாலும் பெரிய காயம், மூளை அறுவை சிகிச்சை என்றால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, எல்லை தாண்டிக் கேரளத்துக்கோ வண்டி ஓடும் நிலையை நாம் பார்த்துத்தானே வருகிறோம்! தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிக்குச் சுமார் 55 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. இந்த ஓட்டத்துக்குத்தான் நம் சமுதாய வண்டிகளைக் கூப்பிடுகிறார்கள்.

அந்த ஒரு மணி நேரம் நோயாளியின் அருகில் யார் உட்கார்ந்திருக்கிறார்? அழுதுகொண்டிருக்கும் தாயார். போனில் பேசிக்கொண்டிருக்கும் மாமா. ஓட்டுநருக்குக் கண் சாலையில். நிலைமை மோசமான நோயாளிக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, நிலையாக இருப்பவருக்குப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவு பார்க்க வேண்டும் என்பது அவசர மருத்துவத்தில் சொல்லித் தரும் முறை. அப்படியானால் திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் பன்னிரண்டு வரிகள், குறைந்தது நான்கு வரிகள் எழுதியிருக்க வேண்டும். ஒரு வரிகூட இல்லாமல் போய் இறங்குவதற்குப் பெயர் ஆம்புலன்ஸ் சேவையா? வாடகை இல்லாத டாக்சி என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வரும். கோபப்படுவதற்கு முன் பதில் வைத்திருக்க வேண்டாமா?

தமிழகத்தில் 2008 செப்டம்பர் 15-ல் தொடங்கிய 108 சேவையில் ஓட்டுநரோடு ஒரு மருத்துவ உதவியாளரும் வருகிறார். நோயாளியின் அளவுகளைப் பார்த்துக் குறிப்பது அவர் வேலையில் ஒரு பகுதி. அரசின் வாகன விதிகளும் ஆம்புலன்ஸை நான்கு வகையாகப் பிரிக்கின்றன. முதலில் விரைந்து சென்று உதவும் வண்டி, நோயாளியை ஏற்றிச் செல்ல மட்டுமான வண்டி, அடிப்படை உயிர் காப்பு வண்டி, உயர்நிலை உயிர் காப்பு வண்டி. வெளியே சைரன் ஒன்றுதான். உள்ளே என்ன இருக்கிறது, யார் இருக்கிறார் என்பதில்தான் தரம். நம் வண்டி இந்த நான்கில் எது என்று நிர்வாகிகள் சொல்லட்டும்!

சாக்குகளும் பதில்களும்

"உயிர் போகும் நேரத்தில் எழுதிக் கொண்டிருப்பதா?" என்பார்கள். முதலில் ரத்தத்தை நிறுத்து, மூச்சுக்கு வழி செய், வண்டியைக் கிளப்பு. அதில் யாருக்கும் மறுப்பில்லை. எழுதுவது ஓடும் வண்டிக்குள். அதற்காக வண்டி ஒரு நிமிடம்கூட நிற்கத் தேவையில்லை. ஓட்டுநர் ஒருவரை மட்டும் அனுப்பும் பழக்கம் இருக்கும் வரைதான் இது முடியாத காரியம். இரண்டாவது ஆளை அனுப்புங்கள். முடியும்.

"நாம் என்ன டாக்டரா?" என்பார்கள். யாரும் உங்களை வைத்தியம் பார்க்கச் சொல்லவில்லை. பார்த்ததை எழுதச் சொல்கிறோம். இன்ன நோய் என்று முடிவு செய்வது மருத்துவர் வேலை. இத்தனை மணிக்கு இத்தனை துடிப்பு என்று சொல்வது உங்கள் வேலை.

"போலீஸ் கேஸ் ஆகிவிடும், தாளில் எழுதினால் மாட்டிக் கொள்வோம்" என்பார்கள். இந்தப் பயம் பழையது. விபத்தில் சிக்கியவருக்குச் சிகிச்சை தருவதே முதல் கடமை, சட்டச் சடங்குகள் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவ முன்வருபவரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு 2016-ல் அதே நீதிமன்றம் வலுக் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. உள்ளதை உள்ளபடி நேரத்தோடு எழுதிய தாள் உங்களைக் காப்பாற்றும். "வண்டியில் ஏற்றும்போதே உயிர் இல்லை", "தாமதமாகக் கொண்டு போனார்கள்" என்று நாளை யாராவது பழி சொன்னால் பதில் சொல்வது எது? உங்கள் வாய்ச் சொல்லா, அந்தத் தாளா?

"பெண் நோயாளியைத் தொட்டு எப்படிப் பார்ப்பது?" என்பார்கள். நியாயமான கேள்வி. நர்சிங் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களை ஏன் இந்தப் பணிக்கு அழைக்கவில்லை? அவர்கள் வர முடியாத நேரத்திலும், விரலில் கருவி மாட்டுவதற்கும் மூச்சை எண்ணுவதற்கும் உடன் வரும் தாயோ சகோதரியோ போதும். உயிர் ஆபத்தில் இருக்கும்போது சங்கடம் பார்த்துக் கைகட்டி நிற்பது மார்க்கம் சொன்னதல்ல.

"மருத்துவமனையில் அந்தத் தாளை யார் பார்க்கிறார்?" என்பார்கள். சில இடங்களில் வாங்கிப் பார்க்காமல் ஓரமாக வைப்பார்கள். உண்மைதான். அதற்காகக் கொடுக்காமல் இருப்பதா? நேரம் போட்டு, தெளிவான கையெழுத்தில், ஒரே பக்கத்தில் கொடுத்துப் பாருங்கள். அவசரப் பிரிவில் வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து யாரை முதலில் பார்ப்பது என்று முடிவு செய்கிறார்கள். இடைகால் விபத்து போல ஒரே நேரத்தில் பலர் வந்து இறங்கும் நாளில் அந்தத் தாள் பேசும்.

அமெரிக்க ஏழைத் தெருவில் நடந்தது

இதெல்லாம் பணக்கார நாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். 1966-ல் அமெரிக்காவில் தேசிய அறிவியல் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அன்று அந்த நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழ பாதியை நடத்தியவர்கள் யார் தெரியுமா? சவ அடக்கத் தொழில் செய்பவர்கள்! படுக்க வைத்துக் கொண்டுபோகத் தோதான வண்டி அவர்களிடம் இருந்தது. அவ்வளவுதான் தகுதி. ஜனாஸாவுக்கும் நோயாளிக்கும் ஒரே வண்டியை ஓட்டும் நமக்கு இந்தச் செய்தி சுருக்கென்று தைக்க வேண்டும்.

அந்த நிலையை மாற்றியதில் முன்னே நின்றவர்கள் பிட்ஸ்பர்க் நகரத்தின் கறுப்பின இளைஞர்கள். வேலை இல்லாதவர்கள், எதற்கும் லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள். 1967-ல் 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற அமைப்பின் பெயரில் தொடங்கிய சேவையில் அவர்களைச் சேர்த்து, பீட்டர் சாஃபர் என்ற மருத்துவரின் திட்டப்படி பல மாதங்கள் பயிற்சி கொடுத்தார்கள். அந்த நாட்டில் முறையான பயிற்சி பெற்ற முதல் அவசர மருத்துவ உதவியாளர்களில் அவர்களும் அடங்குவர். 1975-ல் நகராட்சி அந்தச் சேவையை மூடித் தன் சேவையைத் தொடங்கியது. அவர்களில் பலர் ஓரங்கட்டப்பட்டார்கள். ஆனால் அவர்கள் காட்டிய முறை அழியவில்லை. நாடு முழுவதும் பரவியது. ஒதுக்கப்பட்ட ஒரு சமுதாயம் தன் திறமையால் ஒரு நாட்டுக்கே வழி காட்டியது. நம் இளைஞர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

வணிகர்களே, உங்களைத்தான்!

கடையில் ஒரு மூட்டை அரிசி இறங்கினால் சிட்டையில் ஏற்றுகிறீர்கள். பத்து ரூபாய் கடன் கொடுத்தால் தேதி போட்டு எழுதுகிறீர்கள். எழுதாத கணக்கு அழுதாலும் தீராது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். உங்கள் பணத்தில் ஓடும் வண்டியில் ஒரு மனித உயிர் ஏறி இறங்குகிறது. அதற்குச் சிட்டை எங்கே?

ஆம்புலன்ஸ் வாங்க லட்சக்கணக்கில் அள்ளித் தருகிறீர்கள். அல்லாஹ் அதற்குக் கூலி தருவானாக! ஆனால் அர்ப்பணிப்பு விழாவுக்கு மேடை, பந்தல், ஃபிளெக்ஸ், பிரியாணி என்று செலவாகிறதே, அதில் ஒரு சிறு பகுதி போதும். பிரஷர் கருவி, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி, தெர்மாமீட்டர், சர்க்கரை பார்க்கும் கருவி, டார்ச் எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் கருவி எத்தனை வீட்டு அலமாரியில் தூங்குகிறது! அதை எடுத்து வண்டியில் வையுங்கள். இனி யாராவது வண்டிக்கு நன்கொடை கேட்டு வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: "போன மாதம் ஏறிய நோயாளிகளின் தாள்கள் எங்கே?" பணம் கொடுப்பவர் கணக்குக் கேட்டால் நிர்வாகம் தானாகத் திருந்தும்.

செய்ய வேண்டியவை

ஒன்று: ஒவ்வொரு வண்டியிலும் அச்சடித்த தாள் கட்டு ஒன்று. அழைப்பு வந்த நேரம், போய்ச் சேர்ந்த நேரம், ஏற்றிய நேரம், இறக்கிய நேரம். ஐந்து அளவுகளுக்குக் கட்டங்கள். பாம்புக் கடி என்றால் கடித்த நேரம். நெஞ்சுவலி, பக்கவாதம் என்றால் தொடங்கிய நேரம். ஒரு படி மருத்துவரிடம், ஒரு படி அலுவலகத்தில்.

இரண்டு: ஓட்டுநரோடு பயிற்சி பெற்ற ஒருவர் கட்டாயம். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. உள்ளூர் மருத்துவர்களும் செவிலியர்களும் அழைத்தால் வருவார்கள். ஊருக்கு ஆறு பேர் தயாரானால் முறை வைத்துப் போகலாம்.

மூன்று: கருவியைக் கண்மூடி நம்பாதீர்கள். அருவியிலிருந்து தூக்கியவரின் விரல் குளிர்ந்து ஈரமாக இருக்கும். ஆக்சிஜன் கருவி தவறாகக் காட்டலாம். துடைத்து, கையைச் சூடாக்கிப் பாருங்கள். நகப்பூச்சு, அடர்ந்த மருதாணி இருந்தால் வேறு விரலில் பாருங்கள். தீ விபத்துப் புகையில் சிக்கியவருக்கு அந்தக் கருவி சரியாக இருப்பது போலவே பொய் சொல்லும். மூச்சை எண்ணுவதற்குக் கருவியே வேண்டாம். மார்பு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ணுங்கள். "எண்ணுகிறேன்" என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சு மாறிவிடும்.

நான்கு: பார்க்காததை எழுதாதீர்கள். எல்லோருக்கும் 120/80 என்று நிரப்பி வைப்பது எழுதாமல் விடுவதைவிடக் கொடியது. பார்க்க முடியவில்லை என்றால் "பார்க்கவில்லை" என்றே எழுதுங்கள்.

ஐந்து: அந்தத் தாள் ஓர் அமானிதம். ரத்தக் காயத்தோடு கிடப்பவரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு "நம் அமைப்பின் சேவை" என்று விளம்பரம் தேடும் அசிங்கத்துக்கு இன்றோடு முற்றுப்புள்ளி வையுங்கள். தாள் மருத்துவரின் கைக்குப் போகட்டும். வேறு எந்தக் கைக்கும் போக வேண்டாம்.

இளைஞர்களே! வண்டி ஓட்டும் துணிச்சல் உங்களிடம் இருக்கிறது. நள்ளிரவில் எழுந்து ஓடும் மனம் இருக்கிறது. இவை இரண்டும் விலை கொடுத்து வாங்க முடியாதவை. கற்றுக் கொள்ள வேண்டியது ஒரு வாரப் பாடம், சேர்க்க வேண்டியது ஒரு தாள். அடுத்த சாரல் தொடங்குவதற்கு முன் உங்கள் ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து நின்று இந்தக் கேள்வியைக் கேட்பீர்களா? கேட்டுவிட்டு, "முதல் ஆளாக நான் பயிற்சிக்கு வருகிறேன்" என்று சொல்வீர்களா?

சிந்திப்பீர்! செயல்படுவீர்!